நம்ம மூக்குதான் அளவு

சளியா தம்பி? நான் வந்து உக்காந்ததுலேருந்து பாக்கேன், கர்ச்சீப்ப மூக்க விட்டு எடுக்க மாட்டேங்கிய. சன்னல வேணும்னா நல்லாத் தொறந்து விடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. தொறந்துதான் இருக்கா? சரி சரி. அந்த முன்சீட்டு அம்மா ஏன் எந்திரிச்சுப் பின்னால போறாவ? அந்தப் பக்கம் வெயில் போல.

கோவில்பட்டிக்கா? நானும் அங்கதான். பையில கிலுகிலுப்ப தெரியுதே, பிள்ளைக்கா? நடக்குதா? நல்லா இருக்கட்டும். நானும் பிள்ளையப் பாக்கத்தான் போறேன். எம் மவ வயித்துப் பேத்தி. இன்னைக்கி அதுக்குப் பேர் வைக்காங்க. சொந்தப் பேத்திக்குப் பேர் வைக்க, தாத்தாக்காரன் விருந்தாளி மாதிரி பஸ் ஏறிப் போறேன் பாத்தியளா, அதான் வயித்தெரிச்சல். எங்க வீட்டுல நடக்க வேண்டிய விசேஷம் தம்பி இது. தலப் பேறுகாலம் தாய்வீட்டுலதான? ஊரு உலகத்துல எங்கயாவது பேறுகாலத்துக்கு வந்தவ, பச்ச ஒடம்போட, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு மாமியா வீட்டுக்கே திரும்பிப் போவாளா? எம் மவ போயிட்டா. காரணம் கேட்டா சிரிப்பிய. சென்டு. நான் போடுற சென்டு.

எங்க வீட்டுக்காரி கோமதி நேத்தே போயிட்டா. காலையில அவ போன்ல சொல்லுதா: "இந்தாங்க, சுகந்தி வரச் சொல்லிட்டா. ஆனா மேல ஒரு சொட்டு சென்டு இருக்கக் கூடாதாம். இருந்தா பிள்ளையக் கையில தர மாட்டாளாம்." பெத்த அப்பனுக்குக் கண்டிஷன்! பிள்ளையத் தாராளா இல்லையாங்கது அங்க போனாத்தான் தெரியும். தரலன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. நாலு சம்பந்தக்காரன் முன்னால கைய நீட்டிக்கிட்டு நிக்கவா முடியும்?

யாருகிட்ட வந்து சென்டப் பத்திப் பேசுதா தெரியுமா? சங்கரங்கோயில்ல வந்து சங்கரலிங்கம் வீடுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. சென்டுக்காரர் வீடுன்னு கேளுங்க, பிள்ளைக கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடும். சார்ஜாவுல சென்டுக் கடையில இருவது வருஷத்துக்கு மேல நின்னவன். அகில் கட்டையில எடுக்க ஊது, கஸ்தூரி, ரோசா, மரிக்கொழுந்து, எது கேட்டாலும் மூடியத் தொறந்தவொடனே சொல்லுவேன். அரபிக்காரன் என்னையத் தேடி வந்து, "சங்கர், எனக்கு எது நல்லா இருக்கும், நீயே எடு"ம்பான். அப்படி நின்னவன்.

வாங்க வாரவனுக்கு நாந்தான் மரியாத சொல்லிக் குடுப்பேன். சென்டு போடுறதுக்குன்னு ஒரு மரியாத இருக்கு தம்பி, நம்ம ஆளுகளுக்கு அது தெரியாது. நீ வாரதுக்கு முந்தி ஒஞ் சென்டு வந்து நிக்கப்படாது. நீ போன பொறவும் அது அங்கனயே உக்காந்துருக்கப்படாது. கை குடுக்க வாரான்லா, அவனுக்கு லேசாத் தெரியணும். அவ்வளவுதான். சாப்பாட்டுப் பந்தியில போடப்படாது. சீக்காளியப் பாக்கப் போறப்ப போடப்படாது. எவ்வளவு போடணும்னு கேப்பான். உன் மூக்குதான் அளவு, லேசாத் தெரியுதா, அந்தால நிப்பாட்டிரும்பேன். இன்னைக்கி வரைக்கும் நான் அதத்தான் கடப்பிடிக்கேன்.

ஆனா இப்ப வார சரக்குல ஒண்ணுமே இல்ல. எல்லாம் தண்ணி. முன்னயெல்லாம் கழுத்துல ஒண்ணு, மணிக்கட்டுல ஒண்ணு, முடிஞ்சுது. இப்ப கழுத்துல அடிக்கேன், கையில அடிக்கேன், சட்டையில அடிக்கேன், பொறவும் கழுத்துல அடிக்கேன், மேல வரவே மாட்டேங்கு. பாட்டில மாத்தியும் பாத்துட்டேன், அதே கததான். சென்ட மட்டும் சொல்லி என்ன செய்ய? மல்லியப்பூ மணக்கா இப்ப? காப்பி மணக்கா? ஒரமாப் போட்டு மண்ணக் கெடுத்துட்டானுவ. கோமதி ரசம் தாளிச்சா முன்னால வாசல்ல நிக்கவனுக்கு நாக்கு ஊறும், இப்ப அடுப்படியில நின்னாலும் ஒண்ணுமில்ல. சொன்னா என் மேல ஏறுதா. "நல்லாத்தான மணக்கு, ஒங்களுக்கு வாயில சனி"ங்கா.

ஊர் ஊரா அடச்சுப் போட்டாம்லா, அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்துச்சு, சார்ஜாவுல இருக்கும்போதே. ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. நம்ம கட்ட கெட்டி, எந்திரிச்சு வந்துட்டேன். ஒரு கொறையும் இல்ல, சாமி புண்ணியம். ஆனா வந்த பொறவு மொதலாளிக்கு என் மேல என்னமோ ஆகிப்போச்சு. ஊது கேட்டவனுக்கு ரோசாவக் குடுத்துட்டேனாம். நான்! எவனோ லேபிள மாத்தி ஒட்டியிருப்பான், புதுசா வந்த பய ஒருத்தன் இருந்தான், அவன் வேலையாத்தான் இருக்கும். என்னையக் கௌண்டர்லேருந்து எடுத்துக் குடோன்ல போட்டுட்டான் மொதலாளி. பொட்டி தூக்கவா போனேன் நான்? போடா ஒம் கடையும் நீயும்னு வந்துட்டேன்.

சரி, அத விடுங்க. சுகந்தி கதையில்லா சொல்லிக்கிட்டிருந்தேன்.

அந்தப் பேரே நான் வச்சதுதான், அங்க இருந்து கடுதாசி போட்டு. சின்னதுல அவ எப்படித் தெரியுமா? நான் லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப ஒரு சட்டைய எடுத்து ஒளிச்சு வச்சுக்கிடுவா. கோமதியத் தொவைக்க விட மாட்டா. "எங்கப்பா வாசம் போயிரும்"னு தலமாட்டுல வச்சுத்தான் படுப்பாளாம். போன்ல கோமதி சொல்லச் சொல்ல, அந்தாப் பெரிய கடையில கௌண்டருக்குப் பின்னால குனிஞ்சு நின்னு அழுதிருக்கேன். அந்தப் புள்ள தம்பி, அதே புள்ள, இன்னைக்கி எங்கிட்டச் சென்டு போடாதன்னு சொல்லுதா.

வளைகாப்பு அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா. அவ மாமியா வீட்டுல வச்சு நடந்துச்சு. நம்ம வீட்டுலருந்து வளையல், பலகாரம், அஞ்சு விதச் சோறு எல்லாம் கொண்டு போனோம். சந்தனத்த மட்டும் நான் பாத்துக்கிடுதேன்னுட்டேன். கடச் சந்தனத்துல என்ன இருக்கு, வெறும் மாவு. எங்கிட்ட ஒசந்த ஊது ஒரு குப்பி இருந்துச்சு. கொழைக்கையில விட்டேன், மோந்து பாத்தேன், தெரியல, இன்னுங் கொஞ்சம் விட்டேன், அப்படியே முக்காக் குப்பி போயிருச்சு. வந்த பொம்பளைய ஒவ்வொருத்தியா அவ கன்னத்துலயும் கையிலயும் தடவுதாவ, தடவிட்டு அந்தானைக்கு மூஞ்சியத் திருப்பித் தும்முதாவ. இவளுக்குக் கண்ணுல தாரதாரயாத் தண்ணி. வளைகாப்புல பொண்ணு அழுகது வழக்கந்தான, தாய்வீட்டுக்கு வாரோம்னு சந்தோசம்னு நான் நெனச்சேன். பந்தி முடியதுக்குள்ள போய் மொகத்தக் கழுவிட்டு வந்துட்டா. எனக்கு மனசு விட்டுப் போச்சு. அந்தக் குப்பியோட அரும அவளுக்குத் தெரியுமா?

அங்கேருந்து நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ஆட்டோவ விட்டு எறங்கினாளோ இல்லையோ, நான் பைய வாங்கப் பக்கத்துல போனேன், ஓடிப் போய்க் கொல்லையில கக்கிட்டா. மசக்க முடிஞ்சு எத்தன மாசமாச்சு, இவ இப்ப கக்குதா. சாயங்காலமா நட வாசல்ல நின்னுக்கிட்டு, பக்கத்துல கூட வரல, சொல்லுதா: "யப்பா, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க போடுற சென்டு எனக்குச் சேர மாட்டேங்கு. பிள்ள பொறக்குற வரைக்கும் போடாம இருங்களேன்." கேட்டியளா? நான் சொன்னேன், "ஏட்டி, நான் போட்டிருக்கது எனக்கே தெரியல, ஒனக்கு எப்படி அங்கன வந்து சேருது?" உடனே கோமதி கூடச் சேந்துக்கிட்டா. தெரு முக்குல நான் திரும்பும்போதே அடுப்படிக்குத் தெரியுதாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

இல்ல, நான் விட்டுப் பாத்தேன் தம்பி. நம்ம புள்ளைக்காகத்தானேன்னு ஒரு நாள் முழுக்கப் போடாம இருந்தேன். எப்படி இருந்துச்சுன்னா, சொல்லத் தெரியல. சட்ட போடாமத் தெருவுல நிக்க கணக்கா. சுத்தி ஒண்ணுமே இல்ல. சோத்துல இல்ல, பூவுல இல்ல, சாமி கும்பிட்டா அங்க பத்தியில இல்ல. எல்லாம் வெறிச்சுன்னு கெடக்கு. மறுநாள் காலையில எடுத்து அடிச்ச பொறவுதான் மனுசனா இருந்தேன். தெரியுதோ இல்லையோ, மேல இருக்குங்கிற தைரியம் ஒண்ணு இருக்குல்லா.

அதுலேருந்து நான் என்ன செஞ்சாலும் குத்தம். கோமதி கோயிலுக்குப் போறப்ப பாலப் பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனா. நான் பக்கத்துலதான் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். பால் வத்தி, சட்டி கரிஞ்சு, பொகையா வந்துருச்சு. சுகந்தி வயித்தப் பிடிச்சுக்கிட்டு மாடியிலருந்து ஓடி வாரா. "யப்பா, இங்கதான இருக்கிய! வீடே கரிஞ்ச நாத்தம் நாறுது, ஒங்களுக்குத் தெரியலையா?" பேப்பர் படிக்கவன் அடுப்பையேவா பாத்துக்கிட்டிருப்பான்? வேணும்னு செஞ்ச மாதிரி என்னைய மொறைக்கா. நிறமாசக்காரி எதுக்குமே எரிச்சப்படுவாதான்னு நான் சட்டிய எடுத்துக் கழுவப் போட்டேன்.

சரி, பிள்ளையும் பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்தாச்சு. அவ்வளவு சந்தோசம் தம்பி எனக்கு. மவ சின்னதா இருக்கையில நான் எங்க பாத்தேன்? அவ தவந்தது, நடந்தது எல்லாம் போட்டோவுலதான. இதையாவது கூட இருந்து பாப்போம்னு நெனச்சேன். தெருப் பொம்பளைய எல்லாம் வந்து பாக்காவ. பாக்கவ ஒவ்வொருத்தியும் பிள்ளையோட உச்சந்தலைய மோந்து பாத்துட்டு, "அட, பச்சப்பிள்ள வாசம், பச்சப்பிள்ள வாசம்"னு கண்ண மூடிக்கிடுதாவ. கோமதி ஒரு நாளைக்கு நூறு தரம் மோந்து பாக்கா. சுகந்தி கேக்கவே வேண்டாம், அதுலயே மொகத்தப் பொதைச்சுக்கிட்டுக் கெடக்கா.

எனக்கும் ஆச இருக்காதா? அவ குளிக்கப் போயிருந்தா, கோமதி பின்னால துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா. பிள்ளையத் தூக்கினேன். பூ மாதிரி இருக்கு. உச்சந்தலையில மூக்க வச்சு இழுத்தேன். ஒண்ணுமில்ல. திருப்பி இழுத்தேன். கழுத்துல பாத்தேன், உள்ளங்கையில பாத்தேன். ஒண்ணுமே வரல தம்பி. ஆஸ்பத்திரிக்காரன் மருந்துச் சோப்பு போட்டுக் கழுவி, பிள்ள வாசத்தயே எடுத்துட்டானேன்னு நெனச்சேன். ஊரெல்லாம் சும்மா மரியாதைக்கு வாசம் வாசம்னு சொல்லிட்டுப் போறாவ, நம்ம பிள்ள வாசமே இல்லாமக் கெடக்கு. சென்டுக்காரர் பேத்தி!

ஒரே ஒரு சொட்டுதான் வச்சேன். சத்தியமா ஒரு சொட்டு. நல்ல ரோசா, கலப்படமில்லாதது. உச்சந்தலையில தொட்டு வச்சேன். குளிப்பாட்டிட்டுச் சாம்பிராணிப் பொக போடுதோம்லா, அதுல வராத கெடுதலா இதுல வந்துரப் போகுது? பிள்ள ரெண்டு தும்மு தும்முச்சு. பொறவு வீல்னு கத்துச்சு பாருங்க. மொகமெல்லாம் செவந்து, மூச்ச இழுத்து இழுத்து விடுது. சுகந்தி ஈரத் தலையோட ஓடி வந்து என் கையிலருந்து பிடுங்கினா. பிடுங்கினான்னா, திருடன் கையிலருந்து பிடுங்குத மாதிரி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, மூக்குல மருந்துப் பொக வச்சு, சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்துட்டு விட்டாங்க. நல்லாத்தான் இருக்கு பிள்ள. ஒரு கொறையும் இல்ல. ஆனா மருமவன் கார எடுத்துக்கிட்டு வந்துட்டாரு.

மருமவன் செந்தில்வேலு மெடிக்கல் வச்சிருக்காரு, தங்கமான மனுசன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கி நடுவீட்டுல நின்னு என்னையப் பாத்துக் கேக்காரு: "மாமா, ஒங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?" ஒரு மருமவன் மாமனாரக் கேக்குற கேள்வியா இது? சார்ஜாவுல மூக்க வச்சே சோறு தின்னவன் நான். எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஒங்க பொண்டாட்டி பிள்ளைய வச்சுக்கிட்டு ஒங்க வீட்டுலயே இருங்க"ன்னுட்டேன். வாய் தவறி வந்துருச்சு. சுகந்தி உள்ள போனா. பிள்ளத் துணியெல்லாம் மடிச்சு வச்சா, போயிட்டா. தொட்டில் மட்டும் எங்க வீட்டுலயே தொங்கிக்கிட்டிருக்கு. கோமதி அத அவுக்கவும் மாட்டேங்கா, எங்கூட மொகங் குடுத்துப் பேசவும் மாட்டேங்கா.

இன்னைக்கி எப்படியும் பிள்ளைய வாங்கிரணும். அதான் ரொம்ப யோசிச்சு, அவ சொல்லிட்டாளேன்னு, கொஞ்சூண்டுதான் போட்டுட்டு வந்திருக்கேன். இல்ல, சுத்தமாப் போடாம எப்படி நாலு பேரு கூடுத எடத்துக்குப் போறது? எனக்கே தெரியாத அளவுக்குத்தான் போட்டேன். நம்ம மூக்குதான அளவு.

என்ன, வண்டிய நிப்பாட்டிட்டான்? ரோடு வேலையா? ஒத்தப் பக்கமா விடுதான் போல. அன்னா ஒரு லாரி வந்து ஒட்டி நிக்கான் பாருங்க, பஸ்ச உரசிருவான் போலிருக்கே, கோட்டிக்காரப் பய.

என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் சன்னலச் சாத்துதாவ? ஏம்மா, சேலைய வச்சு மூக்கப் பொத்துத, என்ன? கண்டக்டரு எதுக்கு லாரிக்காரன் கிட்டச் சத்தம் போடுதாரு? அந்தாப் பின்னால அந்த அம்மா வாந்தி எடுக்காவளே. தம்பி, நீங்களுமா? என்னத்தக் கொண்டு போறான் அந்த லாரியில?

கோழிக் கழிவா?

நாறுதா?

ரொம்பவா? இங்கன, இந்தா இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கந்தான நிக்கு. நான் சன்னலுக்கு வெளிய தலைய நீட்டிப் பாக்கட்டுமா? கொஞ்சம் நவுருங்க.

இல்லையே தம்பி.

இருங்க, எங்கிட்டப் பாட்டில் இருக்கு, கர்ச்சீப்புல ரெண்டு சொட்டு விடுதேன், நாத்தம் தெரியாது. கையக் கொண்டாங்க. ஏன் பின்னால போறிய? வேண்டாமா? சும்மா வேண்டாங்கியளா, இல்ல...

தம்பி, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவியளா? நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஒங்களுக்குச் சளி இல்லையா?

நான் உக்காந்தப்ப இருந்தா? ஏறும்போதேவா? அந்த முன்சீட்டு அம்மா எந்திரிச்சுப் போனது? சரி. டிரைவர் வரைக்கும் போகுமா? சும்மா சொல்லுங்க, பரவால்ல.

இந்தப் பாட்டில மோந்து பாருங்க. வாசம் வருதா? வருதுல்லா. ரோசாதான? எனக்கு இது... நான் தண்ணியக் கலந்துட்டானுவன்னு நெனச்சேன் தம்பி. காப்பியில, பூவுல, எல்லாத்துலயும். அந்தப் பய லேபிள மாத்திட்டான்னு நெனச்சேன். நான் மோந்து பாத்துத்தான குடுப்பேன். இவ்வளவு நாளும் மோந்து பாத்துத்தான...

வண்டி எடுத்துட்டான். லாரி போயிருச்சா? போயிருச்சு, சன்னலத் தொறக்காங்க. நல்ல காத்து வருதா?

ஒங்ககிட்டத் தண்ணி பாட்டில் இருக்கா? கொஞ்சம் தாங்க, கழுத்தக் கழுவிக்கிடுதேன். சட்டைய அங்க எறங்கி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடலாம். குளிக்க எடம் இருக்கும்லா பஸ் ஸ்டாண்டுப் பக்கம்? இருக்கும். சோப்பு மட்டும் வாசமில்லாததா நீங்க பாத்து எடுத்துத் தந்திரணும், எனக்குத் தெரியாது.

இன்னொண்ணு தம்பி. ஒங்க பிள்ள சின்னதா இருந்தப்ப நீங்க மோந்து பாத்திருப்பியள்லா, உச்சந்தலையில. அது எப்படி இருக்கும்? பால் மாதிரியா? நெய் மாதிரியா? ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க, நான் ஞாபகம் வச்சுக்கிடுதேன். அவ பிள்ளையக் கையில தந்தா, மோந்து பாத்துட்டு நான் ஏதாவது சொல்லணும்லா.